ஏரியோரத்துப் பச்சை

பாப்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று வெள்ளி. பதில் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்லலாம், அது பொய். நீ கேட்டிருந்தது ஒரே கேள்வி. 'நம்ம ஏரி ரொம்பி கோடி போவுதாமே, தையில வந்து மறுபடியும் ஆடு புடிச்சி மேய்க்கலாமான்னு அவரு கேக்கச் சொன்னாரு. நீ சொன்னா வர்றோம்பா.' படித்த உடனே ஒரு தாளை எடுத்து 'வா' என்று எழுதினேன். எழுதிய மை காய்வதற்குள் தாளைக் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது. நீ படிப்பதுதான் அவருக்குக் கடிதம். ஓர் இடத்தில், இதை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று உனக்குத் தோன்றும். அந்த இடத்தையும் படி.

உன் அம்மா இறந்துபோன வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த வருஷம் எனக்கு இரண்டு வகை நாட்கள்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை, மற்ற நாள். ஜும்மா தொழுகைக்காக, நான் வேலை செய்யும் தோல் கிடங்கை அன்று மூடுவார்கள். அன்று நீ வருவாய். உன் மாமனார் ஊரிலிருந்து பாலாற்று மணலைத் தாண்டி, கையில் தூக்கோடு. வாசலில் கால் வைக்கும்போதே உன் பேச்சு ஆரம்பித்துவிடும். "இன்னாப்பா, இந்தச் சட்டைய தொவைக்கவே மாட்டியா? தெருமுனையிலயே நீ கீறது தெரியுது." ஆம்பூரில் யார் சட்டையில்தான் தோல் வாசம் இல்லை? ஆனாலும் வியாழக்கிழமை மாலை சட்டையை ஊறவைப்பேன். வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொள்ளாமல் அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன். நீ அதைச் சொல்ல வேண்டும். நீ சொல்லி, வீடு முழுவதும் அந்தக் குரல் பட வேண்டும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நான் செய்தது இதிலிருந்துதான் வந்தது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை உன்னோடு மாப்பிள்ளையும் வந்தார். அந்த வருஷம் கார்த்திகையில் ஏரி நிரம்பியதுதான். அதற்குப் பிறகு ஒரு தூறல் இல்லை. பனிக்காலம் முடிவதற்கு முன்பே வெயில் ஏறிவிட்டது. கொல்லைமேடு, ஆற்றங்கரை, எல்லாம் சருகு. மாப்பிள்ளை உட்காராமலே பேசினார்.

"மாமா, இங்க ஆட்டுக்கு ஒண்ணுமே இல்ல. மலைக்கு ஓட்டிட்டுப் போறேன். திருப்பத்தூர் பக்கம் பெரியப்பா இருக்காரு. மழை வர்ற வரைக்கும் அங்கதான்."

"பாப்பா?"

"அவளும்தான். நானே கஞ்சி காச்சிக்கினு ஆட்டையும் பாக்க முடியுமா?"

நீ சிரித்தாய். "அவரு காச்சுற கஞ்சிய ஆடுகூடக் குடிக்காதுப்பா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வரப்போகிற வெள்ளிக்கிழமைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் காலியாக இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தது என்பது சரியல்ல. தேடினேன், கிடைத்தது.

"எதுக்கு மலை? ஏரியோரம் பச்சையா கெடக்குதே" என்றேன்.

கிடந்தது உண்மை. தண்ணீர் வற்ற வற்ற, அது விட்டுப்போன சேற்றில் பச்சைப் புல் வளையமாக முளைத்திருந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்த வளையம் கண்ணைப் பறித்தது. மாப்பிள்ளை தயங்கினார். "ஏரி உள்வாயில மேச்சா ஆடு ஆகாதுன்னு எங்கப்பா சொல்வாரு மாமா." ஏன் ஆகாது என்று கேட்டேன். "தெரியல. சொல்வாரு." நான் வேலூரில் இரண்டு வருஷம் காலேஜில் படித்தவன். காரணம் தெரியாத பேச்சை ஒதுக்கிவிடு என்பதுதான் அங்கே நான் கற்றது என்று அப்போது நினைத்தேன். காரணம் தெரியாவிட்டால் தேடிப்பார் என்று கற்றிருக்க வேண்டும். "பட்டினி போட்டாத்தான் ஆடு ஆகாது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உன் முகத்தை. உட்கார்ந்துவிட்டார்.

அவர் என் பேச்சைக் கேட்டதற்கு மாமனார் என்ற மரியாதை மட்டும் காரணமில்லை. உங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்ததே, தோல்காரரு என்று. நான் வந்தால் அவரவர் பட்டியிலிருந்து ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுவேன். சட்டென்று பழையபடி படிந்தால் நல்ல ஆடு. மயிரைப் பிரித்து, உண்ணி கடித்த தடம் இருக்கிறதா, சொறி இருக்கிறதா என்று பார்ப்பேன். நான் தலையாட்டினால் அது ஊருக்கே தீர்ப்பு. உயிரோடு இருக்கும் ஆட்டுக்குத் தோல் தரம் பிரிக்கிறவனைக் கூப்பிட்டுக் காட்டுகிற ஊர் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. நானும் அதில் கூச்சப்படவில்லை. இத்தனை வருஷம் மேசையில் தோலை விரித்து விரித்து, அது திமிரிப் பக்கத்துத் தோலா அணைக்கட்டுப் பக்கத்துத் தோலா என்று விரலாலேயே சொல்ல முடிந்தது. அந்த ஆடு எந்தப் பருவத்தைத் தாண்டி வந்தது என்றும் சொல்ல முடிந்தது. மழை விட்டு வெக்கை ஏறும் மாதங்களில் உண்ணித் தடம் ஜாஸ்தி. ஈரம் நின்று குளிர்ந்த வருஷத்தில் சொறி. தோலில் எல்லாம் எழுதியிருக்கும் என்று நம்பினேன். தோலுக்குள்ளே ஆட்டுக்கு ஓர் ஈரலும் இருந்தது.

பங்குனியில் வந்து பார்த்தேன். உனக்கு நினைவிருக்கும். ஆடுகள் கொழுத்திருந்தன. ஊரில் மற்ற ஆடுகளெல்லாம் எலும்பெடுத்து நிற்க, உங்கள் ஆடுகள் மட்டும் மினுமினுவென்று இருந்தன. தோலைக் கிள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார். "நல்லவேளை மாமா, உங்க பேச்சக் கேட்டேன்." நீ எனக்கு ஆட்டுப்பாலில் காப்பி போட்டுக் கொடுத்தாய். அந்தக் காப்பியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. எந்த மனிதனும் தன் தப்பை இவ்வளவு இனிப்பாகக் குடித்திருக்கமாட்டான்.

இனி வருவதுதான் நீ தாண்டிவிட நினைக்கும் இடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போனேன். நம் தெரு முனையில் கடை வைத்திருந்தாரே, உனக்குச் சின்ன வயதில் மூளையை இலையில் மடித்துக் கொடுப்பாரே, அந்தப் பாய். ஈரல் கேட்டேன். கத்தியை நிறுத்திவிட்டார்.

"ஈரல் வாணாம் சார்."

"ஏன் பாய், தீந்துடுச்சா?"

"கீது. நீங்களே பாருங்க." கூடையிலிருந்து ஓர் ஈரலை எடுத்துப் பலகையில் போட்டு அறுத்தார். உள்ளே குழாய்கள் தடித்து வெளுத்திருந்தன. கத்தி முனையால் அழுத்தினார். தட்டையாக, வெற்றிலைக் கொழுந்து அளவில் ஒன்று நழுவி வெளியே வந்தது. பலகைமேல் சுருண்டு நீண்டது. "ஏரியில மேய்ஞ்ச ஆடு சார். எலையாட்டம் பூச்சி. இந்த வாரம் அறுத்தது பாதிக்கு மேல இப்படித்தான். உங்க பொண்ணு வூட்லயும் ஏரியிலதான் மேய்க்கிறாங்களா?"

"ஆமாம். ஆனா நல்லாக் கொழுத்திருக்குதே பாய்."

"கொழுக்கும் சார். பூச்சி உள்ள போனதும் மொதல்ல நல்லாக் கொழுக்கும். நம்மாளுங்க சில பேரு அதுக்காகவே ஏரியில வுட்டு, கொழுத்த உடனே அறுத்துடுவாங்க. வெச்சிருந்தா பேஜாரு. மழைக்கு முன்னாடி தாடை தொங்கிடும். மாப்பிள்ளகிட்ட சொல்லுங்க, மேட்டுக்கு ஓட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை, பாப்பா.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்தாய். சட்டையைப் பற்றிச் சொன்னாய். அடுப்பை மூட்டினாய். பாய் சொன்னது தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் மாப்பிள்ளை மறுநாளே மலைக்குப் புறப்படுவார். நீயும் போவாய். நான் எனக்கே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன்: கறிக்கடைக்காரருக்கு நோய் பட்ட ஆடுதான் கண்ணில் படும், நான் தோலைப் பார்த்திருக்கிறேன், தோல் நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே சொல்லிக்கொண்டேன். சித்திரை முழுவதும் ஒவ்வொரு வாரமாக வாங்கினேன். உன் ஆடுகளின் உயிரைக் கொடுத்து.

வைகாசியில் தாடை தொங்கியது. காலையில் வீக்கம் வடிந்திருக்கும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டுத் திரும்பும்போது தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல ஆடும். நீதான் முதலில் பார்த்தாய். மாட்டாஸ்பத்திரி டாக்டரை நான் அழைத்து வந்தேன். மருந்து கொடுத்தார். ஈரல் போயிருந்தது, மருந்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனி முடிவதற்குள் பட்டியில் நின்றவை நாலைந்துதான்.

அந்த டாக்டர் என்னை ஏரிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் விளிம்பில் குனிந்து ஒரு நத்தையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவு. ஆட்டுப் புழுக்கையோடும் மாட்டுச் சாணத்தோடும் பூச்சியின் முட்டை தண்ணீரில் விழுகிறதாம். பொரித்து வந்தது இந்த நத்தைக்குள் புகுந்து, ஒன்று பலவாகி, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறதாம். ஏரி நிறைந்திருக்கும்போது அந்தப் புல் தண்ணீருக்குள் இருக்கும். வற்றும்போது வெளியே தெரியும். சுற்றிலும் வேறு பச்சை இல்லாத வருஷத்தில் ஆடுமாடு அத்தனையும் அந்த ஒரு வளையத்திலேயே வாயை வைக்கும். மழை கெடுக்கும், வறட்சி கெடுக்கும் என்று தனித்தனியாகப் பேசுகிறோம். இங்கே மழை வளர்த்ததை வறட்சி எடுத்துப் பரிமாறியது. பரிமாறிய இடத்துக்கு நான் வழி காட்டினேன்.

செத்த ஆடுகளின் தோல் எங்கே வரும்? நம் ஊருக்குத்தான் வரும். ஆனியில் ஒருநாள் வந்த கட்டிலிருந்து ஒரு தோலை மேசையில் விரித்தேன். இடது தொடையில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு புள்ளி. மாப்பிள்ளை அடையாளத்துக்குப் போடுகிற சூடு. கீழே இருந்த தோலிலும் அதே. அதற்குக் கீழேயும். கையில் எடுத்தால் காகிதம்போல இருந்தது. தோலிலும் எழுதித்தான் இருந்தது. எழுதி முடிந்த பிறகு என்னிடம் வந்தது. கடைசித் தரத்தில் போட்டேன். என் கையாலேயே போட்டேன். பக்கத்து மேசைக்காரர், "இன்னா சார், கண்ணுல சுண்ணாம்பு பட்டுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் கோலார் தங்கச் சுரங்கத்து வேலைக்குப் புறப்பட்ட அன்று மாப்பிள்ளை மூட்டையோடு முன்னால் நடந்தார். நீ சொன்னாய். "நீ நல்லதுக்குத்தாம்பா சொன்னே. இன்னா பண்றது, நம்ம நேரம்." மூன்று வருஷமாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு இருக்கிறேன். என் நல்லதுக்குத்தான் சொன்னேன். நேரத்தின்மேல் எதையும் போடாதே. சொல்லியிருந்தால் பங்குனியிலேயே ஓட்டிப்போயிருப்பீர்கள். சிலது செத்திருக்கும். எல்லாம் செத்திருக்காது. மாப்பிள்ளை வானத்தைப் பார்த்து வாழ்ந்திருப்பார், பூமிக்குள் இறங்கியிருக்கமாட்டார். அவருக்கு இருமல் என்று நீ எழுதியிருக்கும் வரியை நான் எப்படிப் படித்தேன் என்று உனக்குச் சொல்ல முடியாது.

இப்போது உன் கேள்வி.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு ஏரிக்குப் போனேன். நீங்கள் போனபின் ஒருமுறைகூடச் சரியாக நிரம்பாமல் வெடித்துக் கிடந்த ஏரி. இத்தனை வெயிலில் அந்த நத்தை இனமே அற்றுப்போயிருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் போனேன். டாக்டர் அன்று சொன்ன இன்னொன்றும் நினைவில் இருந்தது: அது சேற்றுக்குள் புதைந்து தூங்கும், தண்ணீர் வந்தால் எழுந்துகொள்ளும். அதை மறக்கப் பார்த்தேன். கரையில் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நிற்கிற இடத்திலேயே சாணம் போட்டன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கால்வாய் வந்து சேரும் மூலையில், கோரைத் தண்டுகளில், நத்தைகள் இருந்தன. சின்னதும் பெரியதுமாக, ஈரம் மின்ன. வேட்டி நனைந்தது தெரியாமல் நின்றேன். வெயில் இதமாக இருந்தது. தண்ணீர் கரை வரைக்கும் தளும்பியது. எதிர்க்கரையில் யாரோ ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூரத்தில் அவள் நீயாகவும் இருக்கலாம். இவ்வளவு அழகான ஏரியை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு, இல்லை, எதுவும் இல்லை, நான் பார்க்கவில்லை என்று ஒரு நிமிஷம் சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் தையில் நீ வருவாய். வெள்ளிக்கிழமை வருவாய்.

வேண்டாம். தையில் இந்த ஊருக்கு ஆடு பிடிக்க வராதே. மாசியில் தண்ணீர் இறங்கும், அந்தப் பச்சை வளையம் மறுபடியும் வரும், வேறெங்கும் புல் இருக்காது. நீ எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பசித்த ஆடு அங்கே இழுத்துக்கொண்டு போகும். ஒரு முழுக் கோடை அந்த உள்வாய் காய்ந்து வெடித்தால் புல்லில் ஒட்டியது செத்துப்போகும் என்கிறார் டாக்டர். இந்த வருஷத்துத் தண்ணீரைப் பார்த்தால், வரும் கோடையில் அடி காயும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சும்மா வந்து என்னோடு இருங்கள் என்று எழுதலாம். மாப்பிள்ளை வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆடு இல்லாமல் மாமனார் வீட்டில் நிற்கிற ஆள் இல்லை. என்னைப் போலத் தோல் கிடங்கில் நிற்கவும் சொல்லமாட்டேன். ஆனால் சுரங்கத்திலும் இருக்க வேண்டாம். அந்த இருமலோடு இன்னொரு வருஷம் வேண்டாம். ஆகவே அவர் முதலில் சொன்ன இடத்துக்கே போங்கள். ஏரியிலிருந்து வந்த அன்றே அவர் பெரியப்பாவுக்கு ஆள் விட்டுக் கேட்டேன். வரச்சொல்கிறார். இரண்டு மூன்று ஆடு அவரே தருகிறாராம், மேலே நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். அங்கே சரிவு, மழை பெய்தால் தண்ணீர் ஓடிவிடும், நிற்காது. நிற்கிற இடம் கண்ணில் பட்டால் முள் வெட்டிப்போட்டு அடைத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் குடிக்கவிடுங்கள். ஓடைப் பக்கத்துப் புல்லைப் பச்சையாகப் போடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓர் ஆட்டை அறுக்கும்போது ஈரலைப் பிளந்து பாருங்கள். முதுகைத் தடவி ஆட்டைத் தெரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். யாராவது வந்து ஆடு கொழுத்திருக்கிறது என்று சொன்னால், அது எங்கே மேய்ந்தது என்று கேளுங்கள். அந்த ஆள் நானாக இருந்தாலும் கேளுங்கள்.

இதைப் படித்த பிறகு மாப்பிள்ளைக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகலாம். உனக்கும்தான். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நீ சண்டை போட்டு எழுதினால் நல்லது. 'நம்ம நேரம்' என்று மட்டும் எழுதாதே.

வழியைச் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்திலிருந்து வந்து பௌரிங்பேட்டையில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டையில் இறங்கி, சேலம் போகிற வண்டியில் மாற வேண்டும். அடுத்த ஸ்டேஷன் திருப்பத்தூர். ஆம்பூர் அந்த வழியில் இல்லை. மறுபக்கம் போகிற தண்டவாளத்தில் இருக்கிறது. நீ என்னிடம் வராமல் நேராகப் போய்விடலாம். ஆடு பிடிக்கவும் கொட்டகை போடவும் பனி முடிவதற்குள் போய்ச் சேருவதே நல்லது, அதனால் ஆம்பூர் வந்து இரண்டு நாள் தங்கிப் போ என்றும் கேட்கமாட்டேன்.

புறப்படும் நாளை மட்டும் எழுது. வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லீவு சொல்லிக்கொள்வேன். ஜோலார்பேட்டையில் வண்டி மாற நேரம் கொடுப்பார்கள். பிளாட்பாரத்தில் நான் இருப்பேன். கிட்டே வர வேண்டும் என்றால் வா. வேண்டாம் என்றால், சேலம் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தூரத்திலிருந்தே கை காட்டுகிறேன்.

உன் அப்பா